ஓடும் யந்திரமும் ஓடாத அஸ்திவாரமும்

வீட்டில் சலவை யந்திரம் வைத்திருக்கும் நேயர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பார்கள். துவைத்து முடித்துத் துணிகளைப் பிழியத் தொடங்கும்போது அது மெள்ள மெள்ள வேகம் பிடிக்கிறது. நடுவே ஒரு கட்டத்தில் பேய் பிடித்ததுபோல் ஆடுகிறது. சில சமயம் இருந்த இடத்தை விட்டுச் சாண் தூரம் நகர்ந்தும் விடுகிறது. "ஐயோ, என்னவோ உடைந்து போயிற்று!" என்று நாம் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள், வேகம் இன்னும் அதிகமாகி, ஆட்டம் அடங்கி விடுகிறது. வேகம் கூடினால் ஆட்டமும் கூடத்தானே வேண்டும்? குறைவானேன்?

மின்சார நிலையங்களில் பிரம்மாண்டமான யந்திரங்களுக்கு அஸ்திவாரம் போடும் இஞ்சினீயர்களின் கவலையெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஊஞ்சலுக்கென்று ஒரு சொந்தத் தாளம் உண்டு. அதற்கு இசைந்தாற்போல் சுண்டு விரலால் தள்ளினாலும் போதும், ஊஞ்சல் விட்டத்தை எட்டப் பார்க்கும். தாளம் தப்பினால் பயில்வான் தள்ளினாலும் அவ்வளவு எழும்பாது. கான்கிரீட் பாளத்துக்கும் அதன் அடியிலுள்ள மண்ணுக்கும் சேர்ந்து இப்படி ஒரு தாளம் இருக்கிறது. யந்திரத்தின் சுழற்சி அதனோடு ஒத்துப் போனால் வந்தது வினை. சலவை யந்திரம் நடுவழியில் ஆடியதும் தன் சொந்தத் தாளத்தைக் கடந்து சென்ற அந்தச் சில கணங்களில்தான்.

நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவது. ஆகையால் பெரிய அனல் மின் நிலையங்களில் நீராவிச் சுழலிகள் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகின்றன. அந்தச் சுழலும் பாகத்தில், அச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளி, ஒரு வாழைப்பழத்தின் எடை, அதாவது 100 கிராம், ஒரு பக்கம் அதிகமாக இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். நின்றிருக்கும்போது அது வெறும் 100 கிராம்தான். முழு வேகத்தில் சுழலும்போதோ, ஏறக்குறைய 500 கிலோ எடைக்குச் சமமான பலத்துடன் வெளியே இழுக்கும். அந்த இழுப்பும் வினாடிக்கு 50 தடவை திசை சுற்றி வரும்! வேகம் இரு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. அதனால்தான் யந்திரத்தைச் செய்கிறவர்கள் கிராம் கணக்காகச் சமன் செய்து அனுப்புகிறார்கள். ஆயினும் அணுவளவும் பிசகில்லாத சமன் என்பது எட்டாக் கனி. மிச்சத்தை அஸ்திவாரம்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சுழலும் யந்திரமானால் அதன் எடையைப்போல் மூன்று மடங்கும், முன்னும் பின்னும் உந்தும் யந்திரமானால் ஐந்து மடங்கும் கனமுள்ள கான்கிரீட் போடு என்பது பழைய வாய்பாடு. முதல் மதிப்புக்கு இன்றும் அது உதவுகிறது. ஆனால் கனம் ஒன்றே காப்பாற்றி விடாது. கனத்தைக் கூட்டக் கூட்டத் தாளம் மந்தமாகும். மந்தமான அந்தத் தாளமே யந்திரத்தின் வேகத்தோடு ஒத்துப் போய் விடலாம்! அதிரும் பாரத்தை மண் எப்படித் தாங்குகிறது என்பதை ரைஸ்னர் 1936-ல் கணக்கிட்டுக் காட்டினார். ருஷ்ய நிபுணர் பர்கான் 1948-ல் இதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இரண்டு தாளங்களுக்கும் இடையே குறைந்தது 20 சதவிகிதமாவது விலகல் வேண்டும் என்பது இன்று கைக்கொள்ளும் விதி.

பெரிய சுழலி, உயரமான கான்கிரீட் தூண்கள்மேல் ஒரு மேஜைபோல் அமைந்த தளத்தில் வீற்றிருக்கும். அந்த மேஜையின் முக்கியமான தாளம் பெரும்பாலும் யந்திர வேகத்துக்குக் கீழேயே இருக்கும். ஆகவே புறப்படும்போதும் நிற்கும்போதும் அதைக் கடந்தே தீர வேண்டும். அங்கே தங்காமல் விரைந்து கடப்பதே சாமர்த்தியம்.

கணக்குச் சரியானாலும் வேலை சரியாக வேண்டுமே! மேஜையின் தளத்தை இரவு பகல் பாராமல் ஒரே மூச்சில் வார்த்து முடிக்க வேண்டும். கட்டடத் தரையோடு அது ஒட்டாதபடி சுற்றிலும் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் அதிர்ச்சி கட்டடம் முழுவதும் பரவும். அஸ்திவாரம் முழுவதும் ஒரே சீராகச் சற்று இறங்கினால் பாதகமில்லை; ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அச்சுக்கள் நேர் தப்பிவிடும்.

அதிர்ச்சியை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? ஸைபீரியாவில் யெனிஸேய் நதிமீதுள்ள சயானோ-ஷுஷென்ஸ்காயா நீர்மின் நிலையத்தில், 2009-ஆம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி, இரண்டாம் எண் சுழலியின் மூடியைப் பிடித்திருந்த மரையாணிகள் அறுந்தன. யந்திரம் மேலே எழும்பிற்று. வெள்ளம் கூடத்துக்குள் புகுந்தது. 75 பேர் மாண்டனர். குற்றம் அஸ்திவாரத்தினுடையது அன்று. அதிர்ந்து அதிர்ந்து உலோகம் களைத்துப் போய், ஆணிகள் பலவற்றில் முன்னமே வெடிப்பு விழுந்திருந்ததாக விசாரணையில் தெரிந்தது. பாறைபோல் நிற்பவைகூட நாளுக்கு நாள் களைக்கின்றன. அதைப் பார்க்கக் கண் வேண்டும்.

ஆயுத பூஜையன்று யந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். மிகவும் நல்லது. இடுகிற கை சற்றுக் கீழே குனிந்து, காலடியிலுள்ள மரையாணிகளையும் ஒரு முறை தொட்டுப் பார்க்கட்டும். வீட்டுச் சலவை யந்திரத்தின் நான்கு கால்களையும்தான்!