பால்மரமும் பாட்டும்

வணிகம் பெருகும்போது இலக்கியமும் மாறும். இங்கிலாந்தில் காலுறை வணிகம் செய்து கடனில் நொடித்துப் போன டேனியல் டிஃபோ, 1719இல் ‘ராபின்சன் குரூசோ’ நாவலை வெளியிட்டார். அதன் கதைத்தலைவன் ஆளில்லாத் தீவிலும் வரவு செலவு பார்ப்பதுபோல் நன்மை தீமைகளைப் பட்டியலிடுகிறான்! நம் சிலப்பதிகாரக் கோவலனும் வணிகர் மகனே.

நம் தெலுக் இந்தான், தெலுக் ஆன்சனாக இருந்த காலத்தில் ஆற்றுத் துறைமுகமாகத் திகழ்ந்தது. ஈயமும் ரப்பரும் இங்கிருந்து கப்பலேறின. பேராக் தோட்டங்களில் அந்தப் பால்மரங்களைச் சீவியவர்களுள் பெரும்பாலோர் தமிழர். 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தபோது, ஆயிரக்கணக்கானோர் தமிழகத்திற்கே திருப்பி அனுப்பப்பட்டனர்.

டிஃபோ வணிகரின் பக்கம் நின்று எழுதினார். நம் தோட்டப் பாடல்களோ கூலி வாங்கியவர் பக்கம் நின்று கங்காணியையும் துரையையும் பேசுகின்றன. எனவே, அவற்றையும் வணிகம் தந்த இலக்கியமாகவே நான் கருதுகிறேன். தமிழகத்து அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலில் தோட்ட வாழ்வை எழுதினார். ஆனால், ஏடேறாத பாடல்கள் இன்னும் முதியோரின் நினைவில்தான் உள்ளன. சாய்ந்த கோபுரத்தைப் படமெடுக்கும் நம் கைப்பேசிகள் பாட்டியின் குரலையும் பதிவு செய்யலாமே!