இரண்டு வேகக்காரர்கள் போதுமா?

சாம்பல்தீவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, மருமகன் மடிக்கணினியில் ‘புட்போல் மனேஜர்’ ஆடிக்கொண்டிருந்தான். அவனது முன்களத்தில் இரு அதிவேக வீரர்கள். இருவருக்கும் ஒரே பணி: எதிரணித் தடுப்பாளரைத் தாண்டி ஓடுவது. ஐந்து ஆட்டங்களில் ஒரேயொரு கோல். உயரமான, மெதுவான மூன்றாமவரோ மாற்று வீரராக அமர்ந்திருந்தார்.

“நெட்டையனை வித்துப்போட்டு இன்னொரு வேகக்காரனை வாங்கப்போறன், மாமா.”

எனக்கு உடன்பாடில்லை. இருவரும் முன்னே ஓடினால், நடுக்களத்திலிருந்து வரும் பந்தை வாங்கித் தக்கவைக்க எவருமில்லை. ஒருவர் பின்னே இறங்கினால் ஒரு தடுப்பாளரும் அவரோடு இழுபடுவார். அந்த இடைவெளியில்தான் மற்றவர் நுழைய முடியும்.

1998–99 பருவத்தில் மன்செஸ்டர் யுனைடெட்டின் டுவைட் யோர்க்கும் அன்டி கோலும் (பெயரே கோல்!) சேர்ந்து 53 கோல்கள் அடித்தனர். பார்சிலோனாவுடன் 3–3 எனச் சமநிலையான ஆட்டத்தில், யோர்க் தொடாமல் விட்ட பந்தை அன்டி பெற்று, அவருக்கே கொடுத்து, மீண்டும் வாங்கி வலைக்குள் செலுத்தினார். இருவரும் நண்பர்கள்தாம். ஆயினும் நட்பு கட்டாயமில்லை. அதே அணியின் ரெடி ஷெரிங்கமும் அன்டியும் ஆண்டுக்கணக்கில் பேசாமலே சேர்ந்து ஆடியவர்கள்.

நெட்டையனின் வேகம் 20க்கு 8 மட்டுமே. “ஒரு பருவம் வைத்துப் பார்” என்றேன். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் விற்றுவிட்டிருந்தான்.