விசா பிள்ளையாரும் எல்லைக் கேள்விகளும்

அமெரிக்காவுக்கு உத்தியோகத்திற்குப் போகும் வாலிபர்களைப் பற்றி நம் ஊர்களில் பேச்சு வந்தால், "அவனுக்கென்ன குறை, விசா கிடைத்துவிட்டதே!" என்று சொல்லுவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் சொல்லுகிறவர்களில் பெரும்பாலோருக்கு விசா என்பது இன்னதென்றே தெரியாது. விசா என்பது அந்த நாட்டிற்குள் நுழையும் உரிமையல்ல. வாசற்படி வரையில் வந்து, "உள்ளே வரலாமா?" என்று கேட்பதற்குக் கொடுக்கப்படும் சீட்டுதான் அது. உள்ளே விடுவதும் விடாததும் வாசலில் உட்கார்ந்திருக்கும் இமிக்கிரேஷன் அதிகாரியின் கையில் இருக்கிறது.

திருச்சி ஜில்லாவில் பிறந்து, இஞ்சினீயரிங் படித்து, எச்-1பி என்னும் வேலை விசாவில் நான்கு வருஷம் அமெரிக்காவில் உழைத்து, ஒழுங்காக வரி கட்டி, தாயாரைப் பார்க்க ஒரு மாத லீவில் வந்து திரும்புகிற ஒரு வாலிபரை எடுத்துக் கொள்வோம். ஆகாய விமானத்தில் இரவெல்லாம் தூங்காமல் போய் இறங்குகிறார். அபுதாபி வழியாகப் போகிறவரானால் அமெரிக்க மண்ணை மிதிக்கும் முன்பே, அபுதாபியிலேயே இந்தக் கச்சேரி நடந்துவிடும். 2014ஆம் வருஷம் முதல் அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். விரல் ரேகை எடுக்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள். பிறகு கேள்விகள்: யாரிடம் வேலை? என்ன வேலை? சம்பளம் எவ்வளவு? எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில்? எதற்காக இந்தியாவுக்குப் போனீர்? முதலாளியின் கடிதம் எங்கே?

பதிலில் அதிகாரிக்கு ஒரு சந்தேகம் தட்டினால் போதும். பாஸ்போர்ட்டை வாங்கிக் கொண்டு, "அந்த அறையில் போய் உட்காரும்" என்று காட்டுவார். அங்கே ஒரு மணியும் ஆகலாம், ஆறு மணியும் ஆகலாம். சிலருடைய கைப்பேசியையும் வாங்கி உள்ளே இருப்பதைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் ஒரு வக்கீலை வைத்துக் கொள்ளும் உரிமை அந்த அறையில் அவருக்குக் கிடையாது. பொய் சொன்னார் என்றோ, செல்லத்தக்க தஸ்தாவேஜு இல்லை என்றோ அதிகாரி தீர்மானித்துவிட்டால், 1996ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஒரு நீதிபதியின் முகத்தையே பாராமல் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பலாம். 5 வருஷத்திற்கு உள்ளே வரக்கூடாதென்றும் தடை விழும்.

நிற்க. இப்பேர்ப்பட்ட வாசலுக்குப் போகிற நம் வாலிபர் என்ன தயார் செய்து கொண்டு போகிறார்? சட்டத்தைப் படித்தாரா? தன் மனுவில் முதலாளி என்ன எழுதியிருக்கிறார் என்றாவது பார்த்தாரா? இல்லை. சென்னைப் பழவந்தாங்கலில் விசா பிள்ளையார் என்று ஒரு பிள்ளையார் இருக்கிறார். அவர் முன் பாஸ்போர்ட்டை வைத்து எடுத்துக் கொள்கிறார். அது போதாதென்று ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்குர் என்னும் ஊரில் இருக்கும் விசா பாலாஜியை 11 தரம் சுற்றுகிறார். விசா கைக்கு வந்தபின் 108 தரம் சுற்றுகிறார். அங்கே உண்டியல் கிடையாது என்று சிலர் பெருமை பேசுவார்கள். காசு போகாவிட்டால் என்ன, அறிவு போகிறதே, அது நஷ்டமில்லையா என்று நாம் கேட்கிறோம்.

எச்-1பி விசா என்பதை 1990ஆம் வருஷத்துச் சட்டத்தினால் அமெரிக்கப் பார்லிமெண்டார் ஏற்படுத்தினார்கள். இப்போதைய கணக்குப்படி வருஷத்திற்கு 65,000 பேர். அந்நாட்டுக் கலாசாலைகளில் மேற்பட்டம் பெற்றவர்களுக்கு இன்னும் 20,000. மனுக்கள் அதற்கு மேல் வந்தால் பொறுக்கி எடுப்பது அந்தச் சர்க்காரின் கம்ப்யூட்டர். சில்குரை ஒரு லட்சம் பேர் சுற்றினாலும் இந்த 65,000 என்பது 65,001 ஆகுமா? ஆகாது. அப்படியானால் சுற்றிய ஒருவனுக்குச் சாமி கொடுத்தார் என்றால், சுற்றிய இன்னொருவனிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தார் என்றுதானே அர்த்தம்? இது கருணையா, பாரபட்சமா? 2025 செப்டம்பரில் ஜனாதிபதி டிரம்ப், வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பி ஆளைக் கேட்கும் முதலாளி ஒரு மனுவுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டுமென்று பிரகடனம் போட்டாரே, அன்று எந்தப் பிள்ளையார் குறுக்கே நின்றார்? அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் மனிதர்களே.

அந்த வாசலின் சரித்திரத்தையும் நம்மவர் அறிய வேண்டும். 1882ஆம் வருஷத்தில் சீனத் தொழிலாளர் வரக்கூடாதென்று அமெரிக்கர் சட்டம் செய்தார்கள். 1910 முதல் 1940 வரை, சான்பிரான்ஸிஸ்கோ துறைமுகத்தை அடுத்த ஏஞ்சல் தீவில், வந்திறங்கிய சீனர்களை வாரக் கணக்காக, மாதக் கணக்காக அடைத்து வைத்து, "உன் வீட்டுக்குப் படிகள் எத்தனை? கிணறு எந்தப் பக்கம்?" என்றெல்லாம் கேட்டார்கள். தகப்பன் சொன்ன பதிலும் மகன் சொன்ன பதிலும் ஒத்துவராவிட்டால் மகனுக்குக் கப்பல்தான். 1917ஆம் வருஷத்துச் சட்டம் இந்தியர்களுக்கும் கதவைச் சாத்திற்று.

அங்கே முன்பே குடியேறியிருந்த பகத்சிங் திந்து என்பவர் பிரஜா உரிமை கேட்டு வழக்காடினார். வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும்தான் அந்த உரிமை என்று சட்டம் இருந்தது. அதற்கு அவர் தரப்பில் எடுத்துச் சொன்ன நியாயம் என்ன தெரியுமா? "இவர் உயர்ந்த ஜாதி ஆரியர், ஆகையால் வெள்ளையர்தான்" என்பது! 1923ஆம் வருஷத்தில் அந்நாட்டு உச்சக் கோர்ட்டார், சாதாரண ஜனங்கள் வெள்ளையர் என்று யாரைச் சொல்லுகிறார்களோ அவர்களில் இவர் சேரமாட்டார் என்று தள்ளிவிட்டார்கள். நிறத்தைக் கொண்டு மனிதனைப் பிரிப்பது அக்கிரமம் என்று வாதாடவில்லை. பிரித்துவிட்டு என்னை மட்டும் மேல் பக்கத்தில் சேர்த்துக் கொள் என்று வாதாடினார்கள். கடைசியில் கிடைத்தது என்ன? உயர்ந்த ஜாதிச் சீட்டு கடல் தாண்டினால் செல்லாக் காசு என்ற தீர்ப்புத்தான் கிடைத்தது.

பிறகு கதவு எப்படித் திறந்தது? 1946இல் வருஷத்திற்கு 100 இந்தியர் என்று ஒரு சிறு துவாரம் விட்டார்கள். 1965இல்தான் பிறந்த நாட்டைப் பார்த்து ஆளைத் தள்ளும் பழைய முறை ஒழிந்தது. அது அமெரிக்கக் கறுப்பு ஜனங்கள் அடிபட்டு, ஜெயிலுக்குப் போய், உயிர் கொடுத்து, மனித உரிமைக்குப் போராடிய காலம். 1964இல் சிவில் உரிமைச் சட்டம். 1965இல் ஓட்டுரிமைச் சட்டம். அந்த அலையிலேதான் இந்தச் சட்டமும் வந்தது. ஆகவே நம் வாலிபர் நன்றி சொல்ல வேண்டுமானால் அந்தக் கறுப்புத் தோழர்களுக்குச் சொல்லட்டும்; அதுதான் யோக்கியமான காரியம்.

அந்நியனை எந்த நாடும் கேள்வியே கேட்கக்கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. யார், எதற்கு வருகிறான் என்று கேட்பது ஒரு சர்க்காருக்கு உரியதுதான். ஆனால் கேட்பவனே சாட்சியாகவும், அவனே நீதிபதியாகவும், கேட்கப்படுகிறவன் வாயில்லாப் பூச்சியாகவும் இருப்பது நியாயமல்ல. சந்தேகத்தின் பேரில் அடைத்தால் வக்கீல் வேண்டும். திருப்பி அனுப்பினால் அப்பீல் வேண்டும். இதைக் கேட்பது பிச்சையல்ல. அங்கே உழைத்து வரி கட்டுகிறவன் மானத்தோடு கேட்க வேண்டிய உரிமை.

அது வருகிற வரையில் அறிவையாவது கையில் கொண்டு போகட்டும். மனுவில் கண்ட வேலை, சம்பளம், இடம் மூன்றும் தான் செய்கிற வேலையோடு ஒத்திருக்கின்றனவா என்று புறப்படுமுன் பார்க்க வேண்டும். ஏஜெண்டு எழுதிய பொய்க்கு அறையில் உட்காரப் போகிறவர் ஏஜெண்டல்ல. தெரியாததைத் தெரியாதென்று சொல்ல வேண்டும். பொய் சொன்னதாக முடிவாகிவிட்டால் ஆயுள் முழுதும் கதவு சாத்தப்படலாம். பாஷை புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேட்க வேண்டும். வாசித்துப் புரிந்து கொள்ளாத காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. உள்ளே போனவுடன் ஐ-94 என்னும் பதிவில் எந்தத் தேதி போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தங்கும் கெடு அந்தத் தேதிதான். விசாவில் கண்ட தேதியல்ல. பாஸ்போர்ட்டு சீக்கிரம் முடிகிறதாயிருந்தால் இந்தக் கெடுவையும் அதற்குத் தக்கபடி குறைத்துவிடுவதுண்டு. இதை அறியாமல் கெடு தாண்டித் தங்கி, வேலையை இழந்தவர்கள் உண்டு. இதில் எந்த ஒரு சங்கதியையாவது எந்த அர்ச்சகராவது சொல்லிக் கொடுத்தாரா?

இது படித்தவன் விவகாரம், நமக்கென்ன என்று நம் கிராமத்துத் தோழர்கள் நினைக்க வேண்டாம். வளைகுடா நாடுகளுக்குக் கொத்து வேலைக்கும், வீட்டு வேலைக்கும் போகிற ஏழைக்கு நம் தேசத்து விமான நிலையத்திலேயே விசாரணை தொடங்கிவிடுகிறது. 1983ஆம் வருஷத்து எமிக்ரேஷன் சட்டம் ஏற்படுத்திய முறைப்படி, பத்தாவது தேறாதவன் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று ஒரு குறி. சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அவன் தனி அனுமதி வாங்க வேண்டும். ஏழையைக் காப்பாற்றவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். அவனைப் பள்ளிக்கூடத்தில் காப்பாற்றியிருந்தால் இந்தக் குறி எதற்கு? அனுமதி வேண்டும் என்பதை மறைத்து, விசிட் விசாவில் ஏற்றிவிட்டுப் பணம் பறிக்கும் ஏஜெண்டுகளை அல்லவா முதலில் அந்த அறையில் உட்கார வைக்க வேண்டும்?

கடைசியாக ஒரு வார்த்தை. அந்த அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வெளியே வந்தவர், "பிறந்த நாட்டைப் பார்த்து என்னை இப்படி நடத்தினானே" என்று குமுறுகிறார். குமுறட்டும், அது மானமுள்ளவன் செய்கிற காரியம். ஆனால் அதே கனவான், உள்ளே போய்க் குடியேறியபின், பக்கத்து மேஜைக்காரன் என்ன ஜாதி என்று விசாரிக்கிறாரே, அது எந்தத் தேசத்து இமிக்கிரேஷன்? 2023ஆம் வருஷத்தில் சியாட்டில் நகரசபையார் ஜாதி வித்தியாசம் பாராட்டுவதைத் தடுத்துத் தீர்மானம் செய்ய நேர்ந்தது. நம்மவர் மூட்டையில் எதைக் கொண்டு போனார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? எந்த அதிகாரியும் சோதித்துப் பிடிக்காத சாமான் அது ஒன்றுதான்.

ஆகவே தோழர்களே! அந்த வாசல் தலைவிதியால் சாத்தப்பட்டதுமல்ல, கடவுள் அருளால் திறந்ததுமல்ல. மனிதன் செய்த சட்டம் சாத்திற்று. மனிதன் செய்த போராட்டம் திறந்தது. போகிறவர்கள் சட்டத்தைத் தெரிந்து கொண்டு, நிமிர்ந்து நின்று பதில் சொல்லட்டும். ஜாதி மூட்டையை இங்கேயே நெருப்பில் போட்டுவிட்டு விமானம் ஏறட்டும்.