கேட்பதற்கு முன்பே எழுதிய தீர்ப்பு

"எனக்கு யார் மேலும் வெறுப்பு கிடையாது" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். தனியாக வாழும் பெண்ணுக்கு வீடு தர மறுக்கும் வீட்டுக்காரம்மாவும் அதைத்தான் சொல்கிறார். காபி கொடுக்கிறார், "தப்பா எடுத்துக்காதம்மா" என்கிறார், சாவியை மட்டும் தருவதில்லை. அவரிடம் வெறுப்பு இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வந்தவள் வாய் திறக்கும் முன்பே அவளைப் பற்றிய தீர்ப்பு தயாராக இருந்தது. முன்முடிவு என்ற சொல்லுக்குப் பொருள் இதுதான். அதை யார் மனதிலும் தோண்டித் தேட வேண்டியதில்லை. யார் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது, யாருக்கு அந்தத் தேவையே இல்லை என்று பார்த்தால் போதும்.

1972இல் மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் தனக்கு வல்லுறவு நடந்ததாக மதுரா என்ற பதின்வயது ஆதிவாசிப் பெண் புகார் சொன்னாள். அமர்வு நீதிமன்றம் அவளைப் பொய்க்காரி என்றது. உயர் நீதிமன்றம் காவலர்களைத் தண்டித்தது. உச்ச நீதிமன்றமோ 1978இல் அவர்களை விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, ஆகவே அவள் எதிர்த்ததாகச் சொல்வது பொய் என்பது அதன் வாதம். அந்த நீதிபதிகள் மதுராவை வெறுத்தார்களா என்பது நமக்கு வேண்டாத கேள்வி. ஆதிவாசிப் பெண்ணின் சொல் நிற்க வேண்டுமானால் அவள் உடம்பில் ரத்தம் வந்திருக்க வேண்டும் என்றார்களே, அது போதாதா?

1979இல் நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருந்த பெண்ணிடம் காவலர் உறவு கொண்டது நிரூபணமாகி, "நான் சம்மதிக்கவில்லை" என்று அவள் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்றானது. நீதிபதிகளின் மனம் மாறட்டும் என்று அந்தப் பெண்கள் காத்திருக்கவில்லை. நிரூபிக்கும் சுமையை இடம் மாற்றினார்கள்.

"ஆண்கள் மேல் உங்களுக்கும் முன்முடிவு இருக்கிறதே?" என்பார்கள். இருக்கிறது. இருட்டிய பஸ் ஸ்டாப்பில் ஓர் ஆணைப் பார்த்தால் நான் தள்ளித்தான் நிற்கிறேன். அதனால் அவர் வேலையும் போகாது, வீடும் போகாது. நீதிமன்றத்தின் அனுமானத்தில் மதுராவுக்கு நீதியே போயிற்று.

ஆனால் நம் கையில் அதிகாரம் இருக்கும் இடத்தில் நாம் எப்படி? மோதிரம் காணாமல் போனால், அலமாரியைத் திறக்கும் முன்பே, வீட்டு வேலைக்கு வரும் அக்கா பக்கம் நம் கண் திரும்புகிறது. மோதிரம் சோப்பு டப்பாவில் கிடைக்கிறது. மனசு உறுத்த, அவருக்குப் பழைய புடவை ஒன்றைக் கொடுக்கிறோம். மன்னிப்புக் கேட்பதில்லை. நாம்தான் எதுவும் சொல்லவில்லையே! பார்த்தோம், அவ்வளவுதான். அந்தப் பார்வையிலேயே தீர்ப்பு அவருக்குக் கேட்டுவிட்டது.

ஆகவே, "என் மனசில் ஒன்றுமில்லை" என்று யாரும் நம்மிடம் வர வேண்டாம். நாமும் அப்படிச் சொல்லித் தப்பிக்க வேண்டாம். முதலில் அலமாரியைத் தேடுவோம்.