எறும்பு நடந்து வருவதில்லை, லாரியில் வருகிறது!

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்பது பழமொழி. சில எறும்புகள் ஊர்ந்தால் ஊரே காலியாகிவிடும்!

இது கதையல்ல. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை இருக்கிறது. 2022-ம் ஆண்டு அந்த மலையடிவாரத்தில் மஞ்சள் எறும்புகள் லட்சக்கணக்கில் பெருகின. ஆடு, மாடுகளின் கண்களைத் தாக்கின. காட்டோரம் குடியிருந்த சிலர் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள்.

அதன் பெயர் மஞ்சள் கிறுக்கு எறும்பு. தொட்டால் தாறுமாறாக ஓடும். கொட்டாது, ஆனால் அமிலத்தைப் பீய்ச்சும். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது.

கோடி நண்டுகள் பலி!

இந்துமாக்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவு, சிவப்பு நண்டுகளுக்குப் பேர் போனது. அங்கே புகுந்த இதே எறும்பு, கோடிக்கணக்கான நண்டுகளைக் கொன்றது. ஹெலிகாப்டரில் பறந்து விஷ இரை தூவினார்கள். எறும்பு குறைந்தது, ஒழியவில்லை!

நியூசிலாந்து முந்திக்கொண்டது. 2001-ல் ஆக்லாந்து விமான நிலையத்தில் நெருப்பு எறும்பின் புற்று ஒன்றைக் கண்டார்கள். "ஒன்றுதானே" என்று விடவில்லை. உடனே அழித்தார்கள். சுற்றிலும் சல்லடை போட்டுத் தேடினார்கள். அங்கே ஆபத்து அப்போது விலகியது.

விழுகிறது வேலி

குளிர்தான் இந்த எறும்புகளுக்கு வேலி. பூமி சூடாக ஆக, அந்த வேலி விழுகிறது. 2023-ல் இத்தாலியின் சிசிலித் தீவில் நெருப்பு எறும்பின் 88 புற்றுகள் இருப்பதை விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். வெப்பத்தையும் மழையையும் கணக்கிட்டு, அடுத்து எங்கே பரவும் என்றும் சொன்னார்கள். ஐரோப்பாவில் 7 சதவீத நிலம் இப்போதே அதற்கு ஏற்றதாம்!

சென்னைப் பக்கம் குளிர் என்ற வேலியே கிடையாது. மனிதர்களின் கண்தான் இங்கே காவல்.

அந்தக் காவல் முடியாத காரியமல்ல. கிறுக்கு எறும்பின் ராணி பெரும்பாலும் நடந்தே பக்கத்தில் புதுப் புற்று வைக்கும். நெடுந்தூரம் போக வேண்டுமானால் மனிதன்தான் சுமந்து போக வேண்டும். மண்ணில், மரத்தில், பூந்தொட்டியில்!

வேப்பம்பட்டைப் பாருங்கள். வயல் இருந்த இடத்தில் வீடுகள் எழுகின்றன. பள்ளத்தை நிரப்ப லாரியில் மண் வருகிறது. வாசலுக்குச் செடி வருகிறது. அவற்றோடு என்ன வருகிறது என்று யார் பார்க்கிறார்கள்?

வெளிநாட்டுச் செடிகளைச் சோதிக்க சென்னை மீனம்பாக்கத்தில் மத்திய அரசின் நிலையம் இருக்கிறது. காவல் அங்கேயே நின்றுவிடக் கூடாது. ஊர்விட்டு ஊர் போகும் மண்ணையும் நாற்றங்கால்களையும் வேளாண்மைத் துறை சோதிக்க வேண்டும். எறும்பு பெருகிய இடத்திலிருந்து மண் அள்ளத் தடை வேண்டும்.

வீட்டார் வேலை சிறியது. செடி வாங்கும்போது தொட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். எறும்பு மொய்த்தால் வாங்காதீர்கள். நீண்ட காலும் மஞ்சள் உடலுமாக எறும்புகள் கூட்டமாகத் தாறுமாறாய் ஓடினால், வட்டார வேளாண்மை அலுவலகத்தில் சொல்லுங்கள்.

அதற்காக வீட்டு எறும்புக்கெல்லாம் மருந்து அடிக்காதீர்கள். புதிய எறும்பு வந்தால் எதிர்த்து நிற்பவை அவைதான்!