கடல்காற்று காப்பாற்றாது

"நம்ம ஊர்ல கடல் இருக்கு. புகை எங்கே தங்கப் போகுது?" புதுச்சேரியில் காற்று மாசு பற்றிப் பேச்செடுத்தால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். புகை என்றால் பஞ்சாப், டெல்லி. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற நிம்மதி இந்த ஊரில் ஊறிப்போயிருக்கிறது. இந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. அதைவிட மோசம், அளக்க வேண்டிய புகையை அளக்காமல் விடுவதற்கு இதுவே சாக்காகிவிட்டது.

காற்றின் திசையிலிருந்து தொடங்குவோம். பகலில் தரை சூடேறியதும் கடல்காற்று கரைக்குள் வருகிறது; அது நகரத்துக்குப் பெரிய நன்மை, மறுக்கவில்லை. ஆனால் இரவில் தரை குளிர்ந்ததும் காற்று திரும்பி, நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரும்பும் நெல்லும் விளையும் கிராமங்களும், சீமைக் கருவேலத்தை வெட்டிக் கொளுத்தி மனை போடும் நிலங்களும், குரும்பாபேட் குப்பைக் கிடங்கும் கடற்கரையில் இல்லை. நகருக்கு மேற்கிலும் அதைச் சுற்றியும் இருக்கின்றன. மேற்கே மாலையில் வைத்த தீயின் புகை கடலுக்குப் போவதென்றால் நகரத்தின் வழியாகத்தான் போக வேண்டும். சம்பா அறுவடை முடியும் தை, மாசி இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்க, அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும். புகை மேலே எழ வழியில்லாமல், ஆள் மூச்சுவிடும் உயரத்திலேயே பரவுகிறது. கடலுக்குப் போய்ச் சேர்ந்த புகையிலும் ஒரு பகுதி மறுநாள் கடல்காற்றோடு கரைக்குத் திரும்ப முடியும்.

கடல் புகையை விழுங்கிவிடும் என்பவர்களுக்கு 1999இல் நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வே பதில். அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் வீரபத்ரன் ராமநாதன்; சென்னையில் பிறந்து, நமக்குப் பக்கத்திலிருக்கும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அவரும் பால் குருட்சனும் மற்ற விஞ்ஞானிகளும் கப்பல், விமானம், மாலத்தீவுக் கண்காணிப்பு நிலையம் எல்லாவற்றையும் கொண்டு அளந்தபோது, தெற்காசியாவிலிருந்து கிளம்பிய பழுப்புப் புகைமூட்டம் வட இந்தியப் பெருங்கடல் மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்து கிடந்தது தெரிந்தது. நடுக்கடலிலேயே கரையாத புகை, கரையோரத்தில் எப்படிக் கரையும்? தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட நகரங்களைப் பாருங்கள்: சென்னை, தூத்துக்குடி, மும்பை, விசாகப்பட்டினம் என எத்தனை கடற்கரை ஊர்கள்! 2018 போகியன்று சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் திணறியபோதும் கடல் அங்கேதான் இருந்தது.

"சரி, கருவி பச்சை காட்டுகிறதே" என்பார்கள். அந்தப் பச்சை எப்படி வருகிறது? காற்றுத் தரக் குறியீட்டில் பிஎம் 2.5 எனும் நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியே கணக்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாலை 6 முதல் நள்ளிரவு வரை 6 மணி நேரம், கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம் பிஎம் 2.5; மீதி 18 மணி நேரம் 20 மைக்ரோகிராம். சராசரி 52.5. இந்திய வரம்பு 60 என்பதால் அந்த நாள் 'திருப்திகரம்'. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரம்பு 15தான் என்பதையும், அந்த 6 மணி நேரம் ஆஸ்துமா உள்ள குழந்தை எப்படி மூச்சு விட்டது என்பதையும் அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

அளக்கும் இடத்தையும் பாருங்கள். தேசியக் குறியீட்டில் புதுச்சேரி என்று வரும் எண் ஜவகர் நகர் நிலையத்திலிருந்து வருகிறது. நகருக்குள் அளந்த எண் வெளியே இருக்கும் பாகூருக்கும் திருக்கனூருக்கும் சாட்சி சொல்லாது. தேசியத் திட்டத்தின் கைமுறை நிலையங்களில் மாதிரி எடுப்பது வாரத்துக்கு 2 நாள், ஆண்டுக்கு 104 நாள்; தீ அந்த நாள் பார்த்து எரிவதில்லை. செயற்கைக்கோள் இருக்கிறதே என்றால், தீப்புள்ளிகளைக் காட்டும் முக்கியமான செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது முற்பகலிலும் பிற்பகல் ஒன்றரை மணி வாக்கிலும், பின் இரவிலும். மாலை 5 மணிக்குக் கொளுத்தி 8 மணிக்கு அணைந்த கரும்புச் சோகைத் தீ கணக்கிலேயே வராது. பஞ்சாபில் தீப்புள்ளிகள் குறைந்ததாகப் பெருமைப்பட்டபோது, எரிக்கும் நேரம் பிற்பகலின் பிற்பகுதிக்குத் தள்ளிப்போயிருப்பதைக் கொரியச் செயற்கைக்கோளின் படங்களைக் கொண்டு 2024இல் சுட்டிக்காட்டினார் நாசா விஞ்ஞானி ஹிரேன் ஜெத்வா.

இதையெல்லாம் விவசாயிமேல் பழிபோடச் சொல்லவில்லை. இங்கே வைக்கோல் மாட்டுத் தீவனம். காசு கொடுத்து வாங்கும் பொருள். பஞ்சாபைப் போல் வயல் வயலாக எரிப்பவர்கள் நாம் அல்லர். கரும்புச் சோகை, அறுவடை இயந்திரம் விட்டுப்போன தாள், மனைக்காகக் கொளுத்தும் புதர், காலிமனைக் குப்பை எல்லாம் கலந்த புகை நம்முடையது. எதன் பங்கு எவ்வளவு என்று அளந்தால்தான் யாரிடம் என்ன கேட்பது என்பது தெளியும். அளக்காதவரை ஏழை விவசாயி எளிதான குற்றவாளி. மனை வியாபாரியும் குப்பையைக் கையாளத் தவறும் நிர்வாகமும் தப்பித்துக்கொள்வார்கள். திறந்தவெளியில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016லேயே சொல்லிவிட்டது.

செய்ய வேண்டியது அரிதல்ல. பாகூர், வில்லியனூர், திருக்கனூர் பக்கம் நிலையங்கள் வேண்டும். விலை குறைந்த உணரிகளையும் வைக்கலாம். கடலோர ஈரப்பதத்தில் அவை கூட்டிக் காட்டும் என்பதால் தரமான கருவியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். மணிக்கு மணி அளவு மக்கள் பார்வைக்கு வர வேண்டும். வடிதாளில் சேரும் தூசியில் பொட்டாசியத்தையும், செல்லுலோஸ் எரியும்போது உண்டாகும் லெவோகுளுகோசானையும் சோதித்தால் வண்டிப்புகை எது, சருகுப்புகை எது என்று பிரிக்கலாம். பிரெஞ்சுக் காலத்து எல்லைக்கோட்டால் புதுச்சேரி துண்டு துண்டாகத் தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குள் செருகிக் கிடக்கிறது. எனவே இரு அரசுகளின் அளவுகளும் ஒரே பட்டியலில் சேர வேண்டும்.

வரும் அறுவடைக்கு முன் இதில் பாதியாவது நடக்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம். கடல் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை, கேட்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுக்கிறோம்.