விலையைக் குடிக்கும் ஊர்

அருப்புக்கோட்டைக் கல்யாண வீடானாலும், திருச்சுழிப் பக்கத்துக் கிடாவெட்டானாலும், பந்திக்கு அப்பால் ஒதுங்கி நிற்கும் ஆண்கள் கூட்டத்தில் ஒரு தீர்ப்பு அப்பீலே இல்லாமல் நிலைத்திருக்கிறது: விலை கூடின சரக்குதான் நல்ல சரக்கு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வரும்: நல்ல சரக்கு உடம்பை ஒன்றும் செய்யாது. துபாயிலிருந்து வந்த மச்சான் பெட்டியில் கொண்டுவந்த பாட்டில் நடுவில் வைக்கப்படும்போது, டாஸ்மாக் குவார்ட்டரை இடுப்பில் செருகி வந்தவர் கொஞ்சம் கூச்சத்தோடு தள்ளி நிற்கிறார். குடிப்பது சரியா தவறா என்பது இங்கே வழக்கு இல்லை. குடிக்கிறவர் தம் காசுக்கு எதை வாங்குகிறார் என்பதே வழக்கு. பாட்டிலின் விலை உள்ளே இருப்பதைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்; அந்தக் காசு யார் யார் கைக்குப் போகிறது என்பதைப் பற்றிச் சொல்வதுதான் அதிகம். இதைச் சோதித்துப் பார்க்க போர்பன் விஸ்கி வசதியான பண்டம். அதில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்பதைச் சட்டமே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது.

போர்பன் என்றால் நம் பிள்ளைகளுக்குப் பிஸ்கட். அமெரிக்காவில் அது விஸ்கி. கென்டக்கி மாநிலத்தில் பேர்பெற்றது. கரிசல்காட்டுக்காரருக்கு அதில் அந்நியம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அதன் உயிரே மக்காச்சோளம்தான். அமெரிக்கச் சட்டப்படி தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளமாக இருக்க வேண்டும். காய்ச்சி இறக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தானியத்தின் மணம் போய்விடும். உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம்புது ஓக் மரப் பீப்பாயில், 62.5 சதவீதத்துக்கு மேற்படாத பதத்தில் ஊற்ற வேண்டும். பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். ஒரு டன் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 380 லிட்டர் ஆல்கஹால் இறங்கும். 750 மில்லி பாட்டிலில் இருக்கும் ஆல்கஹால் 300 மில்லி. பீப்பாயில் ஆவியாகிப் போவதையும் சேர்த்தால்கூட ஒரு பாட்டிலுக்குப் போகும் தானியம் ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய்; கிலோ 24 ரூபாய். மானாவாரியில் படைப்புழுவோடு மல்லுக்கட்டி விளைவித்து, கமிஷன் கடையில் மூட்டையை இறக்கும் விவசாயி அந்த விலைக்கே மூச்சுப் பிடித்து நிற்கிறார். மலிவு போர்பனுக்கும் மாளிகை போர்பனுக்கும் தானியச் செலவு இதே அளவுதான். ஒவ்வொரு முறையும் புதுப் பீப்பாய் வாங்கும் செலவும், அது கிட்டங்கியில் கிடக்கும் காலத்துக்கான செலவும் உண்மையானவை. ஆனால் அவையும் பாட்டில் விலையின் ஒரு துண்டுதான்.

மிச்சம் எங்கே போகிறது என்பதற்கு இரண்டு தேதிகளே சாட்சி. 2024 பிப்ரவரி 1 அன்று தமிழ்நாட்டில் சாதாரண ரகக் குவார்ட்டருக்கு 10 ரூபாயும், உயர் ரகங்களுக்கு 20 ரூபாயும் ஏறின. முந்தின நாள் அலமாரியில் இருந்த அதே பாட்டில்கள் விடிந்ததும் விலை கூடி நின்றன. ராவோடு ராவாக உள்ளே இருந்தது உசந்துவிட்டதா? அடுத்த ஆண்டு, 2025 பிப்ரவரியில், இந்திய அரசு போர்பன் இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100 ஆகக் குறைத்தது. ஸ்காட்ச் 150லேயே நின்றது. அன்றைக்கு போர்பன் மட்டும் தரம் தாழ்ந்துவிட்டதா? இந்த வரிக்கு மேல் மாநில வரி, அதற்கு மேல் விளம்பரம், கண்ணாடிக் குப்பியின் அலங்காரம். விலையே தரம் என்று நம்புகிறவர்கள் தாங்களே ஒரு விதிவிலக்கு வைத்திருப்பதுதான் வேடிக்கை. ஓய்வுபெற்ற ராணுவத்தினர் நிறைந்த இந்த வட்டாரத்தில் ‘மிலிட்டரி சரக்கு’ என்றால் தனி மரியாதை. ராணுவக் கேன்டீனில் வரிச்சலுகை இருப்பதால் அது வெளிக்கடையைவிட மலிவு. அப்படியானால் விலை குறைந்த சரக்கு மட்டமாகத்தானே இருக்க வேண்டும்? அங்கே மட்டும் தர்க்கம் தலைகீழாகத் திரும்பி, மலிவானதே ‘ஒரிஜினல்’ ஆகிவிடுகிறது.

எதிர்த்தரப்புக்கு வலுவான ஒரு வாதம் உண்டு. அதை மறைப்பது நியாயமில்லை. நம் கடைகளில் விஸ்கி என்று விற்கும் மலிவுச் சரக்குகள் பலவற்றுக்கு அடிப்படை, கரும்பாலைக் கழிவான மொலாசஸிலிருந்து எடுத்த, மணமோ குணமோ இல்லாத சாராயம். அதில் நிறமும் வாசனையும் சேர்த்தால் விஸ்கி. தானியத்தில் வடிக்காததை ஐரோப்பிய நாடுகளில் விஸ்கி என்ற பெயரில் விற்கவே முடியாது. இந்திய விதிகள் அந்த அளவுக்குக் கறார் இல்லை. நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் அதில் கொஞ்சம் மால்ட்டோ, இறக்குமதி ஸ்காட்ச்சோ கலந்திருக்கலாம். ஆகவே ஏணியின் கீழ்ப்படிகளில் விலைக்கும் சரக்குக்கும் தொடர்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தொடர்பை உண்டாக்குவது மூலப்பொருளே. அது என்ன என்று லேபிள் சொல்லாத இடத்தில்தான் வாங்குபவர் விலையைப் பிடித்துத் தொங்குகிறார். போர்பன் கதையிலும் இதே கட்டம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெறும் சாராயத்தில் அயோடினும் புகையிலையும் போட்டு நிறமேற்றி, முதிர்ந்த விஸ்கி என்று விற்றார்கள். அதற்கு மறுமொழியாக 1897இல் வந்ததுதான் ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ சட்டம்: ஒரே வடிசாலை, ஒரே பருவத்தில் இறக்கியது, அரசு மேற்பார்வையில் குறைந்தது 4 ஆண்டு முதிர்ச்சி, 50 சதவீத ஆல்கஹால். இதற்குக் கட்டுப்பட்ட எவன் வில்லியம்ஸ் பாண்டட், அமெரிக்கக் கடைகளில் இன்றும் மலிவு வரிசையில்தான் நிற்கிறது.

கீழ்ப்படிகளைத் தாண்டிய பிறகு விலை வேறு கதை பேசத் தொடங்கும். பஃபலோ டிரேஸ் என்ற கென்டக்கி வடிசாலையில் கோதுமை சேர்த்த ஒரே செய்முறையில் வெல்லர் என்ற போர்பனும் இறக்கப்படுகிறது, பாப்பி வான் விங்கிளும் இறக்கப்படுகிறது. பீப்பாய்த் தேர்விலும் முதிர்ச்சியிலும் வேறுபாடு உண்டு. ஆனால் வான் விங்கிள் பாட்டில் மறுவிற்பனையில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போவதற்கு நாக்கு காரணமில்லை, தட்டுப்பாடு காரணம். இந்த உறவு வெளியே தெரிந்ததும் வெல்லரும் விலையேறிவிட்டது. செய்முறை மாறியதால் ஏறிய விலை இல்லை அது. ‘பன்னிரண்டு வருஷம்’, ‘பதினெட்டு வருஷம்’ என்று வயதைக் காட்டி மிரட்டுவதும் இப்படித்தான். ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதம் போல ஆவியாகிறது. பெங்களூரில் அம்ருத் வடிசாலையின் பீப்பாய்களில் 10 சதவீதத்துக்கும் மேல். நம் ஊர் வெயிலில் அதே வேகம் என்று வைத்தால்கூட, பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திறக்கும்போது கால் பங்குதான் மிச்சம் இருக்கும், அதுவும் மரக்கசப்போடு. இடம் தெரியாமல் வயதை மட்டும் ஒப்பிடுவது, ஊட்டிக் கேரட்டையும் கரிசல் கம்பையும் நாள் கணக்கில் ஒப்பிடுவதுபோல. நாக்கு விலையை அறியும் என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, லேபிளை மறைத்து நடத்திய 6,000க்கும் மேற்பட்ட ஒயின் சுவைத்தல்களைத் தொகுத்தது. பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை உயர்ந்தது கூடுதலாகப் பிடிக்கவில்லை. சற்றுக் குறைவாகவே பிடித்தது. அதே ஆண்டு இன்னோர் ஆய்வில் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று சொன்னபோது சுவை கூடியதாகச் சொன்னது வாய் மட்டுமில்லை, மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் கூடுதலாக விழித்தது. விலை அங்கே ஊறுகாய் வேலை செய்கிறது.

இனி அந்த வால். உயர்ந்த சரக்கு உடம்பைக் கெடுக்காது என்பவர் எத்தனாலுக்கு ஜாதி உண்டு என்று நம்புகிறார். 42.8 சதவீத டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லியில் எத்தனால் சுமார் 61 கிராம். அதே 180 மில்லி பாண்டட் போர்பனில் 71 கிராம். ஈரலுக்கு எண்ணத் தெரிந்தது இந்தக் கிராமைத்தான், எம்.ஆர்.பி.யை அது படிப்பதில்லை. மதுபானத்தை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே முதல்வகைப் புற்றுக்காரணிகளில் சேர்த்தது; அதில் ஸ்காட்சுக்கும் போர்பனுக்கும் தனிச் சலுகை கொடுக்கவில்லை. ‘காலையில தலை வலிக்கல மாப்ள’ என்பதுதான் அடுத்த சாட்சியம். அமெரிக்காவில் 2010இல் வெளியான ஆய்வு ஒன்று 95 பேருக்கு ஓர் இரவு போர்பனோ வோட்காவோ கொடுத்துப் பார்த்தது. நொதிப்பிலும் முதிர்ச்சியிலும் சேரும் துணைப்பொருள்கள் வோட்காவைவிட 37 மடங்கு கொண்ட போர்பன் குடித்தபோதுதான் மறுநாள் அவதி கூடுதல். அதாவது, பீப்பாயில் முதிர்ந்து மணம் ஏறிய சரக்குத்தான் தலையைக் கூடுதலாகப் பிடிக்கும். வெளிநாட்டுப் பாட்டிலில் தலை வலிக்காததற்குக் காரணம் எளிது. அது பத்துப் பேருக்குப் பங்கு போகிறது. கறிச்சோற்றுக்கு நடுவே, தண்ணீர் ஊற்றி, நிதானமாக இறங்குகிறது. அதை யாரும் பார் வாசலில் நின்றபடி கட்டிங்காக ஒரே மடக்கில் கவிழ்ப்பதில்லை.

‘அப்படியென்றால் கள்ளக்குறிச்சி?’ என்று கேட்பார்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அதற்கு முந்தின ஆண்டு மரக்காணத்திலும் இப்படிச் சாவுகள். மலிவு கொன்றது என்று சொல்லத் தோன்றும். கொன்றது மெத்தனால். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய அந்த நஞ்சு, சோதனையே இல்லாத கள்ளச் சந்தை வழியாக வந்தது. உரிமம் பெற்ற கடையின் மிக மலிவான பாட்டிலுக்கும் அந்தப் பாக்கெட்டுக்கும் நடுவில் நிற்பது சோதனை. 50 ரூபாய் வித்தியாசம் அந்த வேலையைச் செய்வதில்லை. 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் சுற்றுலா நகரில் இதே மெத்தனாலுக்கு வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் பலியானார்கள். விலை உயர்ந்தால் பத்திரம் என்பவர் இன்னொன்றையும் யோசிக்கலாம்: கள்ளத்தனமாகப் பாட்டில் நிரப்புகிறவன் 140 ரூபாய்க் குவார்ட்டரைப் போலி செய்வானா, 5,000 ரூபாய்ப் பாட்டிலைப் போலி செய்வானா?

ஆக, குடிக்கத்தான் போகிறேன், மச்சான்தான் வாங்கி வருகிறார் என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் விலையை எழுதாதீர்கள். லேபிளில் ‘ஸ்ட்ரெய்ட் போர்பன்’ என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் குறைந்தது 2 ஆண்டு முதிர்ச்சி, நிறமும் வாசனையும் சேர்க்காதது. வயது போடவில்லை என்றால் பயப்பட வேண்டாம். 4 ஆண்டுக்குக் குறைந்தால் கட்டாயம் போட வேண்டும் என்பது விதி. தேன், ஆப்பிள் என்று படம் போட்டது இனிப்புச் சேர்த்த வேறு பண்டம். ஜாக் டேனியல்ஸைப் போர்பன் என்று சத்தியம் செய்கிறவரிடம் சண்டைக்குப் போகாமல் லேபிளைக் காட்டுங்கள். டென்னசி விஸ்கி என்றுதான் எழுதியிருக்கும். ஜிம் பீம் வெள்ளை லேபிள், ஓல்ட் ஃபாரெஸ்டர், வைல்ட் டர்க்கி 101, எவன் வில்லியம்ஸ் இவற்றில் எது அலமாரியில் விலை குறைவோ அதையே வாங்கி வரச் சொல்லுங்கள். மிஞ்சும் காசில் நம் கமிஷன் கடை விலைக்கு ஒரு மூட்டை மக்காச்சோளம்கூட வாங்கலாம்.